மேட்டில் யாரும் இறங்க வேண்டாம்

அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ஏறும் மேட்டின் அடியில் ஒரு வழக்கம் உண்டு. கார் நிற்கும், என்னைத் தவிர எல்லோரும் இறங்கி நடப்பார்கள். என் பழைய பெட்ரோல் கார் ஆளோடு அந்த மேடு ஏறாது. விருந்துக்கு வந்த பாதிரியார்கூட அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

மனைவிக்கு முழங்கால் தேய்ந்ததும், மேட்டில் நடந்து ஏறவே கூடாது என்றார் மருத்துவர். மலைக்குக் கீழே ஆயக்குடியில் மகள் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துவிட்டாள். அந்த வெயிலை நினைத்தாலே மனைவிக்கு வியர்த்தது. இவளோடு மேடு ஏறும் கார் கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மலையை விட்டே இறங்க வேண்டியதுதான்.

மதுரைக்குக் குடிபோகும் பக்கத்து வீட்டு ஆசிரியர் தன் டீசல் காரை விற்கவிருந்தார். ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தார். நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டீசல் என்றால் எனக்கு அலுவலக ஜீப்தான்: மாவு மில் சத்தம், கரும்புகை, பின்னால் வருகிறவனின் சாபம். ஆவணங்களைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் சுத்தமாக வந்தது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது.

"சார், ஓட்டிப் பாக்கப் போறீங்களா, இல்ல அதுக்கு லைசென்ஸ் குடுக்கப் போறீங்களா?" என்றார் ஆசிரியர்.

சோதனை என்றால் பாரத்தோடுதான். மனைவியையும் கூட்டிக்கொண்டு பூண்டிக்குப் போய்ப் பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மேட்டின் அடியில் பழக்கதோஷத்தில் பிரேக் போட்டேன். அவளும் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிட்டாள்.

"உக்காரு. நீதான் சோதனையே" என்றேன்.

ஏசியை அணைத்தேன். முதல் கியர். ஆக்சிலரேட்டரைத் தொட்டதுதான் தெரியும். யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்டதுபோல் கார் கிளம்பி, இரண்டாவது கியர் கேட்டது. அந்த மேட்டில், இரண்டாவது கியர்! பாதியில் நிறுத்தினேன். உரிமம் கேட்டு வந்த எத்தனையோ பேரை நான் திருப்பி அனுப்பிய சோதனை அது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஒரு விரலளவுகூடப் பின்வாங்காமல் கார் எனக்காகக் காத்திருந்தது. மறுபடி தொட்டேன்; பறந்தது. ஏசியைப் போட்டேன், அப்போதும் பறந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பொத்தாமலே சிரித்தேன். கண்ணாடியில் புகையைத் தேடினேன். பூண்டு வாசனைதான் வந்தது.

"ஏங்க, நம்ம வீடு போயிருச்சு."

போய்த்தான் இருந்தது. மேல் வளைவில் திருப்பி இறங்கினேன். ஆசிரியர் வாசலில் நின்றிருந்தார். நிறுத்தப் போனவனை அவள் தோளில் தட்டினாள்.

"நிப்பாட்டாதீங்க. கீழ போயி இன்னொருக்கா ஏறுவோம். மகளுக்கு ஏறிக்கிட்டே போன் போடுறேன்."

ஆசிரியரைக் கடக்கும்போது நீளமாக ஹார்ன் அடித்தேன். காரணமில்லாமல் ஹார்ன் அடிப்பது குற்றம். அது எனக்குத் தெரியும்.