நெல்டாவுக்கு அடுத்த அழைப்பு

நெல்டாவைக் கேட்டால், சனிக்கிழமை தோற்றது கால்டர் கல்லூரி இல்லை, அதன் பயிற்சியாளர். "நாலாவது தடவை, கடைசி வாய்ப்பு, ரெண்டு கஜம் பாக்கி. பேசாம உதைச்சு மூணு பாயிண்ட் வாங்கிட்டுப் போறதை விட்டுட்டு, பெரிய வீராதி வீரன் மாதிரி ஓட விட்டானே பாவி!" என்று ஞாயிறு காலை தேவாலய வாசலில் நாலு பேரைப் பிடித்து வைத்துச் சொன்னாள். மத்தியானம் மிஞ்சிப்போன வான்கோழிக் கறியைப் பிய்த்துக்கொண்டே பூனையிடம் சொன்னாள். இதெல்லாம் ஒத்திகைதான். அசல் கச்சேரி திங்கட்கிழமை இரண்டு மணிக்கு, நேயர்கள் போனில் பேசும் லாமரின் வானொலி நிகழ்ச்சியில்.

அலபாமாவில் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்குத்தான், பந்தைக் கையில் பிடித்து ஓடும் கல்லூரி ஃபுட்பாலில் வெறி அதிகம். நெல்டா பள்ளிப் படிப்போடு சரி. இருபத்தாறு வருடமாக ஓசார்க்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கால்டர் கல்லூரிக்கு இரண்டே முறை போயிருக்கிறாள், இரண்டும் ஆட்டம் பார்க்க. ஆனாலும் "நாங்க ஜெயிச்சோம்", "நம்ம பசங்க" என்றுதான் வாயில் வரும். டயர் ஆலையில் வேலை பார்த்த அப்பா முதல் வீட்டு நாய் வரைக்கும் கால்டரின் சிவப்புதான். தம்பி ராய்ஸ் மட்டும் ஏழு வயதில், சாப்பாட்டு மேசையில், "நான் வின்ஸ்டன். நான் பச்சை" என்று அறிவித்தான். அக்கா சிவப்பு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அன்று அப்பா அவனைத் தட்டோடு பின்படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டார். அவன் அங்கே உட்கார்ந்து வின்ஸ்டன் பாட்டைப் பாடிக்கொண்டே சாப்பிட்டான்.

அந்த ராய்ஸோடு நெல்டா நேரில் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. கணவன் விட்டுப்போய், பிள்ளையும் இல்லாத அவளுக்கு அவனைத் தவிர ரத்த உறவென்று யாருமில்லை. இருந்தும் பேச்சில்லை.

அம்மா இறந்தது இரண்டு கல்லூரிகளும் மோதும் வாரத்தில். ஞாயிறு வழிபாடு முடிந்து அடக்கம் செய்யலாம் என்று போதகரே சொன்னார். "ஞாயித்துக்கிழமையே வச்சுக்கலாம்க்கா. சனிக்கிழமை ஆட்டம் இருக்கே. அம்மா இருந்தாலும் இதைத்தான் சொல்லும்" என்று ராய்ஸ் கெஞ்சினான். நெல்டா மசியவில்லை. சனிக்கிழமைதான் என்று ஒரே பிடி. கல்லறையில் எல்லோரும் தலைகுனிந்து ஜெபத்தில் நிற்கும்போது, "அப்படிப் போடு!" என்று ஒரு குரல். ராய்ஸின் காதில் ரேடியோ ஒயர். நெல்டா ஊர் முன்னால் சொல்லிவிட்டாள்: "இனி என் மூஞ்சிலயே முழிக்காத." அவனுக்கும் ரோஷம். முழிக்கவில்லை.

ஆனால் அடுத்த பருவத்திலேயே ஒரு விசித்திரம் தொடங்கியது. திங்கட்கிழமை, பள்ளி வாசலில் வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு நெல்டா லாமரை அழைத்துத் தன் கருத்தைச் சொல்வாள். அடுத்த அழைப்பு டெக்கேட்டரிலிருந்து வரும். ராய்ஸ்தான். "இப்ப ஒரு பஸ்காரம்மா பேசினாங்களே, அவங்க கண்ணாடியை மாத்தினா நல்லது" என்பான். அடுத்த வாரம் இவள், "டெக்கேட்டர்ல ஒரு ஆளுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுது" என்பாள். மாநிலமே கேட்டுச் சிரித்தது. அவர்கள் அக்கா தம்பி என்பது லாமருக்குக்கூடத் தெரியாது.

ராய்ஸ் மறுமணம் செய்துகொண்டதை அவள் அந்த ரேடியோவில்தான் அறிந்தாள். "என் பொண்டாட்டி ட்வைலா வேகவைக்கிற கடலையைத் தின்னுக்கிட்டே பாத்தேன், லாமர்" என்றான் ஒருநாள். முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதையும் அப்படியேதான். அடுத்த திங்கள் நெல்டா பயிற்சியாளரைத் திட்டி முடித்துவிட்டு, "முட்டி சரியில்லாதவங்க மைதானத்துப் படியெல்லாம் ஏற வேண்டாம், வீட்ல இருந்தே பாருங்க" என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லிவைத்தாள்.

இந்த வருடம் வின்ஸ்டன் இருபத்திநாலு, கால்டர் இருபத்தொன்று. வென்றவர்களுக்கு அடுத்த சனிக்கிழமை கோப்பைக்கான ஆட்டம். ராய்ஸின் வாயைக் கட்ட முடியாது என்று தெரிந்து, தேவாலயத்தில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் பதில்களை எழுதிவைத்துக்கொண்டாள் நெல்டா. இரண்டு பத்துக்குப் பேசினாள். பேசிவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள்.

அடுத்த அழைப்பு டோத்தானிலிருந்து ஒரு குழாய் ரிப்பேர்க்காரர். அதற்கடுத்தது மான் வேட்டைக்குப் போய் ஆட்டத்தையே தவறவிட்ட ஒருவர். அப்புறம் யாரோ, அப்புறம் யாரோ. இரண்டரை ஆயிற்று. தோற்றாலே வந்து நிற்கிறவன், ஜெயித்துவிட்டு வராமல் இருப்பானா? அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுபடி அழைத்தாள்.

"நெல்டாம்மா, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்னு உங்களுக்கே தெரியும்" என்றார் லாமர்.

"ஒரே ஒரு வார்த்தை. வின்ஸ்டன் பசங்க நல்லா ஆடினாங்க. ஜெயிக்க வேண்டியவங்கதான் ஜெயிச்சிருக்காங்க."

லாமர் சிரித்துவிட்டார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"டெக்கேட்டர் ஆளு கேக்கணும்னு சொல்றேன். கேட்டா இந்நேரம் குதிச்சுக்கிட்டு வருவான்." அவள் குரல் உடைந்தது. "அவன் என் தம்பி, லாமர். கூடப் பொறந்தவன். எங்கம்மா அடக்கத்துல ஸ்கோர் கேட்டான்னு பதினோரு வருஷமா ஒதுக்கி வச்சிருக்கேன். கல்லறைக்குப் போற கார்ல ஏறும்போது நானும் டிரைவர்கிட்ட ஸ்கோர் கேட்டேன். கால்டர் தோத்துக்கிட்டிருக்குன்னு அவர் சொன்னதும் எனக்கு வந்த ஆத்திரத்தை அவன் மேல காட்டிட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ராய்ஸு, கேக்கறியா? போன் பண்ணுடா."

பேருந்து ரேடியோவில் திடீரென்று டிராக்டர் விளம்பரம் ஓடியது. தொலைபேசியில் லாமரின் குரல் தணிந்து வந்தது. "நெல்டாம்மா, இப்ப பேசறது ரேடியோல போகல. டெக்கேட்டர்லேர்ந்து ஒருத்தர் ரொம்ப நேரமா லைன்ல இருக்காங்க. உங்களுக்குக் குடுக்கறேன்."

"வந்தியாடா!" என்றாள் நெல்டா.

ஒரு பெண் குரல் வந்தது. "அக்கா, நான் ட்வைலா."

நெல்டா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை ஆட்டத்தோட மூணாவது பகுதி ஓடிக்கிட்டிருந்துச்சுக்கா. கடலை எடுக்க உள்ள போய்ட்டு வந்தேன். நாற்காலிலயே சாஞ்சிருந்தாரு. மாரடைப்புன்னு சொல்லிட்டாங்க. ஜெயிச்சதுகூட அவருக்குத் தெரியாது." அவள் அழுதாள். "உங்க நம்பர் வீட்ல எங்க தேடியும் இல்ல. ஃபிரிட்ஜ்ல இந்த ரேடியோ நம்பர்தான் ஒட்டியிருந்துச்சு. திங்கட்கிழமை நீங்க பேசுவீங்கன்னு தெரியும். நீங்க வந்தா ரேடியோவை சத்தமா வச்சுட்டு, 'எங்க அக்கா பேசுது, சும்மா இரு'ன்னு என்னை அதட்டுவாரு."

நெல்டாவுக்கு அழுகையோடு வேறொன்றும் வந்தது. பதினோரு வருடத்தில் எந்தத் திங்கட்கிழமையானாலும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அந்த நினைப்பு அவளைக் குத்திக் கிழித்தது.

"அடக்கம் வர்ற சனிக்கிழமை வைக்கலாமான்னு கேக்கறாங்கக்கா" என்றாள் ட்வைலா. "உங்களைக் கேக்காம முடிவு பண்ண எனக்கு மனசு வரல."

பள்ளி மணி அடித்தது. நெல்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை வேண்டாம்மா" என்றாள். "ஞாயித்துக்கிழமை வை. சனிக்கிழமை அவனுக்கு ஆட்டம் இருக்கு."