கொடி நட்ட இடத்தில் ஒரு குருவி

நான் வாழும் இந்தக் கனடாச் சிறுநகரத்தில் ஒரு குருவி முட்டையிட்டால் கார் நிறுத்துமிடத்தை மூடிவிடுகிறார்கள். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. கம்பியில் செருகிய சின்னச் சிவப்புக் கொடிகளைச் சுற்றிலும் நட்டு ஒரு கயிறு கட்டுவார்கள், அவ்வளவுதான். கார்காரர்கள் முணுமுணுக்காமல் தெருவோரம் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். வந்த புதிதில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. எங்கள் நன்னிலம் பக்கத்தில் மனிதர் குடியிருந்த தெருவுக்கே இத்தனை மரியாதை கிடைத்ததில்லை. இப்போது அந்தக் கொடிகளை நடுகிறவளே நான்தான்.

போன வசந்தத்தில் இங்கே இயற்கை, வனவிலங்குக் கண்காட்சி நடந்த மைதானத்தில், கார் நிறுத்தும் ஜல்லித் தரையில், கில்டியர் என்ற குருவி முட்டை வைத்திருந்தது. நம் ஆள்காட்டிக் குருவிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதே ஒல்லிக் கால், அதே பதற்றம், ஆளைக் கண்டால் அதே கூப்பாடு. வருகிறவர்களுக்கு அதைத் தூரத்திலிருந்து காட்டி விளக்குவது என் பொறுப்பு. கழுத்தில் 'வாலண்டியர் நேச்சுரலிஸ்ட்' என்ற அட்டை. என்னைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை வீட்டில் தனியே விட மனமில்லாமல் அழைத்துப் போயிருந்தேன். என்ன குருவி என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

அப்பாவுக்கும் ஆள்காட்டிக்கும் தீராப் பகை. கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். மேடைக்கு மேடை நில உச்சவரம்புச் சட்டத்தைப் பேசினார்கள். எங்கள் மிராசுதாரோ நிலத்தையெல்லாம் வண்டிக்காரர் பேரிலும் சமையற்காரர் பேரிலும் எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். தாளடி அறுப்புக்கு எங்கள் தெருக்காரர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டபோது, வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தார். விவசாயக் கூலிகளின் சங்கம் வயலில் செங்கொடி நட்டது. கொடி நட்ட வயலில் வெளியாள் அரிவாள் வைக்கக் கூடாது. அது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. நட்டவர் அப்பா. விடிந்ததும் அடியாட்கள் தெருவுக்குள் வந்தார்கள். அப்பா வாய்க்கால் கரைக் கோரைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் தலைக்கு நேர் மேலே ஓர் ஆள்காட்டி வட்டமடித்துக் கத்தியது. கத்திய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். இடது கால் அன்றைக்கு அடித்த அடியில் மடக்க முடியாமல் போனதுதான். அம்மா என் கண்ணைப் பொத்தினாள், காதைப் பொத்தவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குருவியை எங்கே கண்டாலும் அப்பா மண்ணாங்கட்டியைத் தேடுவார். "காட்டிக்குடுத்த சனியன்" என்பார்.

கண்காட்சியன்று அப்பாவைக் கயிற்றருகே நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, துண்டுப் பிரசுரம் எடுத்துவரக் கூடாரத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் சின்னக் கூட்டம். ஆமைப் பெட்டிகள் ஏற்றிவந்த டிரெய்லர் பின்னோக்கி வந்து கயிற்றைத் தொட்டபடி நின்றிருந்தது. அதற்கும் கொடிகளுக்கும் நடுவே, ஜல்லியில் ஒரு காலை நீட்டி அப்பா உட்கார்ந்திருந்தார்.

"ஆர் யூ ஓகே, சார்?" என்று ஓட்டுநர் குனிந்து கேட்டார்.

"கொடி நட்டிருக்குல்ல, தெரியலையா தம்பி? பேசி முடிக்காம வண்டி உள்ள வராது" என்றார் அப்பா.

நீட்டிய காலைப் பார்த்து, மனிதர் விழுந்துவிட்டார் என்று ஓட்டுநர் முடிவுகட்டிவிட்டார். முதலுதவிக்காரப் பெண்மணி போர்வையும் தண்ணீர் பாட்டிலுமாக ஓடிவந்தார். அப்பா பாட்டிலைத் தள்ளிவிட்டார்.

"இவங்க தண்ணிய வாங்கிக் குடிச்சா மறியல் முடிஞ்சிடுச்சுன்னு ஆயிடும்மா. நீ என்னன்னு பேசு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்பா, இது சங்கத்துக் கொடி இல்லப்பா. எந்திரிங்க."

"எந்தக் கொடியா இருந்தா என்ன? யாரு நட்டது?"

"நான்தான்."

"அப்ப நான் உக்காந்தது சரிதான்."

முட்டை இருப்பதை ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு, வண்டியை முன்னே எடுத்துப் போனார். பேச்சுவார்த்தையில் ஜெயித்த முகத்தோடு அப்பா தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

அப்போதுதான் அந்தக் குருவி வெளியே வந்தது. கூட்டத்தின் காலடியிலேயே கத்திக்கொண்டு ஓடியது. ஒரு சிறகைத் தரையில் சாய்த்து இழுத்து இழுத்துப் போனது. ஓட்டத்தையும் குரலையும் கண்டதுமே அப்பாவுக்கு இனம் தெரிந்துவிட்டது. கை தானாக ஜல்லியில் ஒரு கல்லை எடுத்தது.

"எறியாதீங்கப்பா!"

அவர் எறியவில்லை. குருவி இழுத்துப் போகும் சிறகையே பார்த்தார். "றெக்கை ஒடிஞ்சிடுச்சா?"

"இல்லப்பா, நடிக்குது. நம்மளத் தன் பின்னால இழுத்துட்டுப் போகப் பார்க்குது. முட்டை இந்தப் பக்கம்ல இருக்கு."

சொன்னபடியே, கொஞ்ச தூரம் போனதும் அது இரண்டு சிறகையும் விரித்துப் பறந்தது.  அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னைக்கு நான் போயிப் படுத்த எடத்துல அதுக்கும் முட்டை இருந்திருக்குமோ?"

 அடிபட்டவருக்கு யார் மேலாவது கோபம் வேண்டியிருந்தது. அடித்தவர்கள் மேல் காட்ட முடியாத கோபம். அதை இத்தனை வருஷம் ஆள்காட்டிதான் சுமந்தது. அவர் கல்லை எடுத்த இடத்திலேயே, ஓசைப்படாமல் வைத்தார்.

ஊர் திரும்பிய பிறகு போனில் பேரப்பிள்ளைகளைக் கேட்பதற்கு முன்னால், "குஞ்சு பொரிச்சிடுச்சா?" என்றுதான் கேட்டார். பொரித்துவிட்டது என்றேன். அவர் குரலுக்குப் பின்னால் ஓர் ஆள்காட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"அதுவா? நம்ம வரப்புல முட்டை வச்சிருக்கு. நான் வாய்க்கால் கரையோட சுத்தித்தான் வயலுக்குப் போறேன்."

பின்னாளில் பட்டா கிடைத்த துண்டு நிலம் அது. அந்தக் காலை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையைச் சுற்றுவது லேசான காரியமில்லை.

இங்கே குஞ்சுகள் ஓடிவிட்டன. கொடிகளை நானே பிடுங்கிக் கட்டிவைத்தேன். அந்த ஜல்லியில் மறுபடி கார்கள் நிற்கின்றன. வேலைக்குப் போகும்போது நான் மட்டும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன். எந்த ஊர் முட்டையை மிதிக்காமல் நடக்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.