திரும்பி வருகிற புண்

ஏணியில் நிற்கும்போது மாமாவுக்கு வாய்தான் மூன்றாவது கை. இரண்டு கைகளும் சுவிட்ச் பெட்டிக்குள் இருக்க, திருகாணிகள் உதடுகளுக்கிடையே வரிசையாக நிற்கும். வயரின் மேலுறையைப் பல்லால் கடித்து உரித்துத் துப்புவார். திருகாணிகளை வைத்துக்கொண்டே வீட்டுக்காரர்களோடு ஊர்வம்பு பேசுவார். ஒரு சொல்லும் புரியாமல் அவர்கள் தலையாட்டுவார்கள். தெருவுக்கு அவர் வயர்மேன். எனக்கு அம்மாவின் தம்பி. நாங்கள் மாடியில், அவர்கள் கீழே.

அன்று என் அறைக்கு ஃபேன் மாட்ட வந்தவர் திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வயரை உரிக்கக் கத்தி எடுத்தார். வேலை முடியும்வரை வாயே திறக்கவில்லை.

கீழே போனால் அத்தை அழாத குறை.

"உன் மாமாவுக்கு என் மேல என்ன கோபம்னே தெரியல. எது கேட்டாலும் 'ம்'ங்கிறாரு. புதுசா கல்யாணம் ஆனப்போ கொஞ்சம் வாயை மூடுங்கன்னு கெஞ்சியிருக்கேன். இப்ப மூடிட்டாரு."

கோபமில்லை, பயம். அது அவருக்குப் பள்ளிக்கூட வயதில் பிடித்தது. தாத்தாவுக்குக் கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. புகையிலை போடுகிற வாய், சரியாகிவிடும் என்று விட்டார்கள். ஆறவேயில்லை. கடைசியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் ஊற்றினார்கள். அம்மாவும் மாமாவும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று அதைப் பார்த்தவர்கள். அந்த நோயின் பெயர் எங்கள் வீட்டில் உச்சரிக்கப்பட்டதில்லை. 'அப்பாவுக்கு வந்தது', அவ்வளவுதான்.

மாமாவுக்கு வாயில் புண் வருவது புதிதில்லை. வரும்போதெல்லாம் தனக்குள்ளேயே செம்புக் கம்பியின் மேல் பழியைப் போட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் நாட்களை ஓட்டுவார். இந்த முறை வந்தது போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தக்காளி சூப் வைத்து எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லோர் கிண்ணத்திலும் ஆவி பறந்தது. அத்தை மட்டும் சூட்டோடு குடித்தாள். அம்மா ஆறவிட்டு, தலையை வலப்பக்கம் சாய்த்து, ஸ்பூனை வாயின் ஓரமாகக் கவிழ்த்தாள். எதிரே மாமா இடப்பக்கம் சாய்ந்தார். அந்தச் சாய்வு எனக்குப் பழக்கமானது. எனக்கும் புண் வரும், சாய்ந்துதான் சாப்பிடுவேன். அது எனக்கு மட்டும் உள்ள கோளாறு என்று நினைத்திருந்தேன்.

அப்போது மாமாவின் மகள் குட்டி, ஏழு வயது, கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்பூனைப் பக்கவாட்டில் நுழைத்தாள்.

மாமாவின் கை பாதியில் நின்றது.

"குட்டி, வாயைக் காட்டு."

கீழுதட்டின் உட்புறம், சோற்றுப் பருக்கை அளவில் வெள்ளையாக, சுற்றிலும் சிவந்த விளிம்போடு இருந்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

"இது புதுசுப்பா. பழசு போயிடுச்சு."

"பழசா?"

"வரும், போகும். சொன்னா ஊசி போடக் கூட்டிட்டுப் போவீங்க."

மின்சாரம் பிடித்தவன் கத்தமாட்டான், கை ஒட்டிக்கொள்ளும் என்று மாமா சொல்வார். மகளின் தாடையில் அவர் கை அப்படித்தான் ஒட்டியிருந்தது.

மறுநாள் மாலை பல் டாக்டரிடம் எல்லோருமே போனோம். டாக்டரம்மா குட்டியின் உதட்டை மடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இப்படி அடிக்கடி வருமா?"

"எனக்கு எப்பவாவது வரும்," என்றாள் அத்தை. "டூத்பேஸ்டை மாத்தினா போயிடும்."

"அப்பா பக்கம்?"

"யாருக்கும் இல்ல," என்றார் மாமா, கேள்வி முடியுமுன்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வயர்மேனின் கணக்கு அது. நடுவில் கம்பியை அறுத்துவிட்டால் அந்தப் பக்கம் மின்சாரம் போகாது. தனக்கு இல்லையென்றால் தாத்தாவுக்கு வந்தது குட்டிக்கு வர வழியில்லை.

"அப்படின்னா வேற காரணம் தேடணும்," என்றார் டாக்டரம்மா. "நிறைய டெஸ்ட் எடுக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

குட்டி அழ ஆரம்பித்தாள். அறுத்த கம்பி மகளின் மேலேயே விழுந்துவிட்டது.

"எனக்கு இருக்குடா," என்றாள் அம்மா.

சுவரோரமாக நின்றவள் முன்னால் வந்து தன் உதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள்.

"சின்ன வயசிலேர்ந்து வருது டாக்டர்."

"கன்னத்தைக் கடிச்சுக்கிட்டேன்னு சொல்லுவியே அக்கா," என்றார் மாமா.

"மாசா மாசம் கடிக்க என் கன்னம் என்ன ரொட்டியா? அப்பாவுக்கு வந்தது எனக்கு வந்துடுச்சுன்னு நினைச்சேன். சொன்னா நீ பயந்து சாவ."

தாத்தாவின் ஆறாத புண்ணைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டு, டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"இது குடும்பத்துல ஓடுறதுதான். ஒரே ஒரு ஜீன் பண்ற வேலை இல்ல. உடம்பு தன்னைக் காத்துக்கிற விதத்துல சின்னச் சின்ன வித்தியாசங்கள், அப்பா அம்மாகிட்டேர்ந்து வரும். ரெண்டு பேருக்கும் இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு ரொம்ப அதிகம். அப்புறம் தூக்கம் கெட்டா, வாயில அடிபட்டா, கவலைப்பட்டா கிளம்பும். உங்க அப்பாவுக்கு வந்தது வேற. திரும்பத் திரும்ப வருதேன்னு பயப்படுறீங்க. ஆறினாத்தானே திரும்பி வரும்? அவருக்கு ஆறவே இல்லையே. பாப்பாவுக்குச் சத்துக்குறைவு இருக்கான்னு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணினாப் போதும்."

அத்தை மூச்சு விட்டாள். மாமா விடவில்லை.

"என்னோடது ஆறல டாக்டர்."

நாக்கை நீட்டினார். வலது ஓரத்தில் இருந்தது. டாக்டரம்மா விளக்கை இழுத்து நெடுநேரம் பார்த்தார். எப்போது வந்தது என்று கேட்டார். தெரியாது, பயத்தில் கண்ணாடியே பார்க்கவில்லை என்றார் மாமா.

"பக்கத்துப் பல்லு உடைஞ்சு கூரா நிக்குது. எதைக் கடிக்கிறீங்க?"

"வயரை," என்றாள் அத்தை.

டாக்டரம்மா அந்தப் பல்லின் கூரை ராவிவிட்டார். "ரெண்டு வாரத்துல வாங்க. ஆறலைன்னா துளி சதை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பணும். ஒண்ணுமில்லைன்னு இப்பவே பொய் சொல்ல மாட்டேன்."

அந்த இரண்டு வாரமும் வீடு காலால் நடக்கவில்லை, நுனிவிரலால் நடந்தது. காலையில் மாமா கண்ணாடி முன் நாக்கை நீட்டுவார், குட்டி டார்ச் பிடிப்பாள்.

"சின்னதாயிருக்கா?"

"நேத்து மாதிரியேதான்ப்பா."

பிறகு அவர் நாளெல்லாம் பேசமாட்டார். ஒரு வீட்டில் மெயினை அணைக்காமலே பெட்டியைத் திறந்துவிட்டார். வீட்டுக்காரர் பிடித்து இழுத்திருக்கிறார். அன்றிரவு அம்மா கீழேயே படுத்துக்கொண்டாள். 'அப்பாவுக்கு அந்தப் பக்கம், இவனுக்கு இந்தப் பக்கம்' என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

ஒரு காலையில் குட்டி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "ஓரமெல்லாம் ரோஸா ஆயிடுச்சு," என்றாள். மாமா நம்பவில்லை. ஊசிக்குப் பயந்து தன் புண்ணையே மறைத்தவள், அவள் பேச்சை எப்படி நம்புவது என்றார்.

இரண்டு வாரம் முடிந்து போனபோது டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். "ஆறிடுச்சு. பல்லு பண்ணின வேலைதான்."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

இன்னொரு தடவையும் பார்த்தார்.

அடுத்த மாதம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"வந்துடுச்சு."

அம்மாவின் கை நின்றது. "எங்கடா?"

"உதட்டுக்குள்ள. நேத்துதான்." எல்லோருக்கும் தெரிய இழுத்துக் காட்டினார். குட்டி மேசையைச் சுற்றி வந்து பார்த்து, "இது வேற இடம், புதுசு," என்று தீர்ப்புச் சொன்னாள்.

அத்தை அவர் கிண்ணத்தை எடுத்து ஆற வைத்தாள். "பேசாம சாப்பிடுங்க, எரியப்போகுது."

மாமா பேச்சை நிறுத்தவில்லை. எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு எரிகிறது, பழைய இடம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக, தலையைச் சாய்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.