அப்பா எக்ஸ்பார்ட்டி ஆன கதை

அத்தை எங்கள் மேல் கேஸ் போட்ட வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு படித்தேன். அப்பாவுக்கு ஒரே தங்கை அவள். மாமா இறந்தபின் அறந்தாங்கியில் வாடகை வீட்டில் பிள்ளைகளோடு அல்லாடிக்கொண்டிருந்தவள், கந்தர்வக்கோட்டைப் பக்கம் இருந்த தாத்தாவின் முந்திரிக் கொல்லையில் தன் பாதியைக் கேட்டாள். "கல்யாணத்துக்குச் செஞ்சதெல்லாம் என்னவாம்?" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். எங்கள் வீட்டில் அப்பா வாயைத் திறப்பது சாப்பிடத்தான்.

வாய்தா அன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பினார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் பைக்கில் தொற்றிக்கொண்டேன். கோர்ட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் வண்டியை நிறுத்தி, எனக்குப் பருப்பு வடை வாங்கித் தந்தார். வக்கீல் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா அதைச் சட்டைப் பைக்குள் கத்தவிட்டு, பேப்பரை விளம்பரம்கூட விடாமல் படித்தார். அத்தை கோர்ட்டிலிருந்து வெளியே வந்தபிறகுதான் எழுந்தார்.

"கெளம்பலாமா தாயி?"

வீட்டில் அம்மாவிடம் வண்டி பஞ்சர் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் வக்கீலே அம்மாவுக்குப் போன் போட்டு, கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதைச் சொல்லியிருந்தார்.

"எக்ஸ்பார்ட்டின்னா என்னப்பா?"

"கூப்புட்டும் ஒருத்தர் வரலைன்னா, வந்தவங்க சொல்றத மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்றது."

"நாமதான் போனோமே?"

"உள்ள போகலைல்ல."

ஒரு மாசத்துக்குள் மனுப் போட்டால் மறுபடி விசாரிப்பார்களாம். அம்மா தினமும் விரட்டினாள். அப்பாவுக்கு ஒருநாள் தலைவலி, ஒருநாள் கல்யாண வீடு, இன்னொரு நாள் மறுபடியும் பஞ்சர். மாசம் ஓடிப்போனது, பாதிக் கொல்லை அத்தைக்கு என்று ஆனது. கோர்ட்டு வாசலை மிதிக்கக்கூடத் துப்பில்லாத மனுஷன் என்று அம்மா ஊரெல்லாம் புலம்பினாள். எனக்கும் அப்பா பயந்தாங்கொள்ளி என்றுதான் பட்டது. அவமானமாக இருந்தது.

அடுத்த காய்ப்பில் அத்தை ஒரு கூடை முந்திரிப் பழத்தோடு வந்தாள். அம்மா அடுப்படியைவிட்டு வரவில்லை. அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "டீக்கடையில நீங்க உக்காந்திருந்ததப் பாத்தேண்ணே" என்றாள். சொல்லும்போதே அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது. தோற்றது அப்பா. அவரையல்லவா தேற்ற வேண்டும்.