அம்மா வந்து இறங்கிய செங்கோட்டை

பழைய டெல்லி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அம்மா திரும்பிப் பார்த்தாள். தலையில் துணி மூட்டை, ஒரு கையில் நான். எனக்கு அப்போது ஏழு வயது. சிவப்புச் சுவர், அதில் வெள்ளைக் கோடுகள், தடித்த கோபுரங்கள், அவற்றின் உச்சியில் மதில் மாதிரி பல் பல்லாக விளிம்பு, கீழே வரிசையாக வளைவுகள். திறந்த வாயை அம்மா மூடவில்லை. "ஏய், செங்கோட்டைக்குள்ளயே வந்து எறங்கியிருக்கோம்டி!" என்றாள்.

எங்களை வேலைக்குக் கூட்டி வந்த மேஸ்திரியிடம் கெஞ்சி அங்கேயே ஒரு போட்டோ எடுக்க வைத்தாள். அது கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு, மாமாவுக்குப் போனது. "உனக்கு வடக்கு தெக்கு தெரியுமா? ஆறே மாசத்துல அழுதுகிட்டு வருவ" என்று சொல்லி அனுப்பிய அண்ணன் அவர். தங்கை செங்கோட்டை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பதை அவர் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் போகும்போது உண்மையான கோட்டை வந்தது. சுவர் போய்க்கொண்டே இருந்தது. இது என்ன என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் அம்மா கையைக் காட்டிக் கேட்டாள். "லால் கிலா" என்றார். சிவப்புக் கோட்டை என்று புரிகிற அளவுக்கு அம்மாவுக்கு அதற்குள் இந்தி வந்திருந்தது. அம்மா கழுத்தைத் திருப்பி அந்தச் சுவர் முடியும் வரை பார்த்தாள். அப்புறம் என்னிடம் மெதுவாக, "டெல்லி பெரிய ஊரு. ரெண்டு இருக்கும்" என்றாள்.

பிறகு அம்மா கிட்வாய் நகரில் வீட்டு வேலைக்குப் போனாள். ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். அந்த வீட்டு சார் ஆபீசர், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். ஒருநாள் இந்தக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "வெள்ளைக்காரன் கட்டுனதும்மா அது. பக்கத்துல கோட்டை இருக்கே, ஸ்டேஷனும் அதே மாதிரி தெரியட்டும்னு கட்டுனான்" என்றார். அம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "அப்ப ஏமாத்துனது அவன் சார். நான் எதுக்கு வெக்கப்படணும்?"

ஆனாலும் மாமாவிடம் மட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

போன தை மாதம் காய்ச்சல் என்று படுத்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. அம்மா வேலை செய்த வீடுகளை இப்போது நான்தான் பார்க்கிறேன். காரியத்துக்கு டிக்கெட் கிடைக்காத மாமா போன மாதம்தான் டெல்லிக்கு வந்தார். டீயைக் குடித்து முடித்ததும், "உங்கம்மா நின்ன எடத்தக் காட்டு" என்றார். உண்மையான கோட்டைக்குக் கூட்டிப் போனால் கண்டுபிடித்துவிடுவார், அந்த போட்டோ அவர் வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார். பதிலுக்குச் சண்டை போட அம்மா இல்லை.

ஸ்டேஷனுக்கே கூட்டிப் போனேன். மாமா கோபுரத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நான், "மாமா, அம்மாவுக்கு அப்ப ஒண்ணும் தெரியாது..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்டி. போட்டோவுல அவ பின்னாடி செவப்புச் சட்டக்காரன் ஒருத்தன் தலையில ரெண்டு பொட்டி தூக்கிகிட்டுப் போறான். எந்தக் கோட்டையில பொட்டி தூக்குறாங்க?"

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டா கோச்சிகிட்டு போனை வச்சிடுவா. அப்பறம் எங்கிட்ட யாரு பேசுறது? ஊர்ல எவனாவது கேட்டாக்கூட, கோட்டதான்டான்னு சண்டைக்குப் போயிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து அத்தை வீடியோ காலில் வந்தார். மாமா போனைத் திருப்பிக் கோபுரத்தைக் காட்டினார்.

"அடேயப்பா! இதான் அந்தச் செங்கோட்டையா?"

"பின்ன?"

ஸ்பீக்கரில் இந்தியில் அறிவிப்பு முழங்கியது. "யாருய்யா அது, கோட்டைக்குள்ள இந்தக் கத்து கத்துறது?" என்றார் அத்தை.

மாமா என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. போனை என்னிடம் நீட்டினார். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"ராசா வர்றாராம் அத்தே. பத்து நிமிசம் லேட்டாம்."