மின்மானி ஓடாத நான்கு செவ்வாய்கள்

2023 பிப்ரவரி எட்டாம் நாள், புதன்கிழமை, ஆப்ரி ஆரண்ட்ஸே என்பவருக்கு இழைக்கப்பட்ட அநீதி பின்வருமாறு. அவரது ஜோடி நடன வகுப்பு ஜனவரி 10, 17, 24, 31 ஆகிய நான்கு செவ்வாய்க்கிழமைகளிலும் நடைபெறவில்லை என்றும், தொடர்ந்து நான்கு வாரம் பயன்படுத்தாத நேரம் விதிப்படி பறிபோகும் என்றும், ஆகவே செவ்வாய் மாலை ஆறு முதல் எட்டு மணி வரை கூடம் உடற்பயிற்சி வகுப்புக்கு ஒதுக்கப்பட்டது என்றும் ஸ்டார்லிங் தெரு சமூகக் கூடத்தின் மேலாளர் ஸோலேகா கடிதம் அனுப்பினாள். நான்கு நாளும் வகுப்பு நடந்தது. கடிதம் தவறு.

ஆப்ரி அன்றே தொலைபேசியில் காரணம் கேட்டார். ஸோலேகா சொன்னாள்:

"அந்த நாலு நாளும் மீட்டரே ஓடல அங்கிள். லைட் எரியாத கூடத்துல யாரு ஆடுவா?"

"கரண்ட் இருந்தாத்தானம்மா மீட்டர் ஓடும்? நாலு செவ்வாயும் ஆறுலேருந்து எட்டு வரைக்கும் நம்ம பகுதிக்குத்தான் மின்வெட்டு. நாங்க லாந்தர் வச்சு ஆடுனோம்."

"அதுக்கு ஆதாரம்?"

"வருகைப் பதிவேடு இருக்கு. பதினெட்டு பேர் கையெழுத்து."

"அது நீங்களே எழுதுனது. வெளியாள் சாட்சி வேணும் அங்கிள்."

போர்ட் எலிசபெத்தின் கார் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டு தரப் பரிசோதகராக இருந்தவரிடம் ஆதாரம் கேட்டால் கோபம் வராது. வேலைதான் தொடங்கும். எனினும் அவரது பதினேழு கோப்புகளில் தேடியும் வெளியாள் எழுதிய ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. மற்ற நாள்களில் கூடம் காலியில்லை. செவ்வாய் போனால் வகுப்பே போயிற்று.

அந்த வகுப்பு அவருக்கு எளிதில் வாய்த்ததன்று. 1974இல், நிறவெறி ஆட்சிக் காலத்தில், பத்தொன்பது வயதில், நகரின் நடனப் பள்ளி ஒன்றில் சேர விரும்பி முறைப்படி விண்ணப்பம் எழுதினார். பதில் வரவில்லை. நேரில் போனபோது கதவைப் பாதி திறந்த பெண்மணி, "உங்க நிறத்துக்காரங்களுக்கு இங்க இடமில்ல" என்று சொல்லிச் சாத்திவிட்டார். நூலகத்திலிருந்து காலடிப் படங்கள் உள்ள புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, தந்தையின் கார் கொட்டகைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் அடிகளை வரைந்து, ஆணின் அடி, பெண்ணின் அடி இரண்டையும் தாமே பழகினார். அந்த விண்ணப்பத்தின் நகல் முதல் கோப்பின் முதல் தாள். அதற்குக் கிடைத்த மறுப்புக்கு மட்டும் தாள் இல்லை. அந்தப் பள்ளி அப்படியொன்று நடக்கவே இல்லை என்று இன்றைக்கும் சொல்லலாம்.

பிப்ரவரி 14, செவ்வாய் மாலை. கூடத்துக்குள் உடற்பயிற்சிக்காரர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பதினெட்டு பேரும் பளபளக்கும் காலணிகளோடு கார் நிறுத்துமிடத்தில் நின்றார்கள்.

"ஆப்ரி, இன்னிக்கு வீட்டுக்குத் திரும்பிப் போகணுமா?" என்றாள் மெர்ல். தையல்காரி, அறுபது வயது, கணவரை இழந்தவள். "வாரத்துல ஒரு நாள்தான் இந்தச் செருப்பு வெளிய வருது. போட்டாச்சு. இனி கழட்ட மாட்டேன்."

"யாரு கழட்டச் சொன்னா? கூடத்தைத்தான் எடுத்துக்கிட்டாங்க. காலை எடுத்துக்கலயே." ஆப்ரி சட்டைக் கையைச் சரிசெய்தார். "கிளைவ், வால்ட்ஸ்."

வகுப்புக்கு வாசிக்கும் கிளைவ் சாக்ஸபோனை உதட்டில் வைத்தான். கடற்காற்றில் பாவாடைகள் உப்பின. ஒன்பது ஜோடிகள் கார்களுக்கு நடுவே வளைந்து சுழன்றன. மூன்றாவது சுற்றில் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டுத் திருமதி ஓல்கர்ஸ்.

"இப்ப வெளியவே வந்துட்டீங்களா! ஜனவரி பூரா செவ்வாய் தவறாம இதே கூத்து! டிவியும் கிடையாது, லைட்டும் கிடையாது, இருட்டுல உக்காந்து உன் ஊதலத்தான் கேக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா? எழுதிக் குடுத்தும் திருந்தலயே!"

ஆப்ரி அடி எடுத்த காலைத் தூக்கியபடியே நின்றார். மெர்ல் அவர்மேல் மோதினாள்.

"ஆன்ட்டி," என்றார் மிகுந்த மரியாதையுடன், "நீங்க எழுதிக் குடுத்தது எப்போ?"

"பிப்ரவரி ஒண்ணு! கூடத்து ஆபீஸ்ல நாலு தேதியும் போட்டுக் குடுத்தேன். உங்களுக்கு அனுப்பலயா?"

அனுப்பியிருந்தார்கள். இரைச்சலுக்கான எச்சரிக்கையுடன் இணைத்து அனுப்பியிருந்தார்கள். எரிச்சலில் படித்து முடிக்காமலே 'அவமதிப்புகள்' என்று எழுதிய கோப்பில் அதைச் செருகியிருந்தார். தேடியபோது அந்தக் கோப்பை மட்டும் திறக்கவில்லை. ஒரு பரிசோதகர் செய்யக்கூடாத பிழை.

வழக்கம்போல் வகுப்பு முடிந்து எல்லாரும் கடற்கரைக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனார்கள். ஆப்ரி வீட்டுக்குப் போய் அந்தக் கோப்புடன் வந்துசேர்ந்தார்.

"தள்ளிப் புடி, எண்ணெய் பட்டுடும்," என்றாள் மெர்ல், விரலைச் சப்பியபடி. "படி, சத்தமா."

படித்தார். நான்கு தேதிகள். 'மின்சாரம் இல்லாத நேரத்தில், ஆறு மணி முதல் எட்டு மணி வரை, சாக்ஸபோனும் காலடி ஓசையும்.' கீழே, பெற்றுக்கொண்டதற்குக் கூடத்தின் முத்திரை, ஸோலேகாவின் கையொப்பம்.

"அந்தக் கிழவிக்கு ஒரு மீன் பொட்டலம் வாங்கிட்டுப் போகணும்டா," என்றான் கிளைவ்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸோலேகாவின் மேசையில் இரண்டு தாள்கள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்றில் வகுப்பு நடக்கவில்லை. மற்றொன்றில் அதே வகுப்பு அளவுக்கு மீறி நடந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே கையொப்பம். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"மாட்டிக்கிட்டேன் அங்கிள். உடற்பயிற்சிக்காரங்கள வியாழனுக்கு மாத்திடறேன். அடுத்த செவ்வாய் வந்து ஆடுங்க, போதுமா?"

"சந்தோஷம்மா. ஆனா வாயால சொன்னது எனக்குப் போதாது."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல இருக்கு. நாளைக்கு இந்த நாற்காலில உக்காரப்போறவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவ ஒரு கதவு வாயாலயே பதில் சொல்லிச்சு. நாற்பத்தொன்பது வருஷமாச்சு, அதுக்கு என்கிட்ட ஒரு துண்டுச்சீட்டு கிடையாது."

அவர் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்த மூன்றாவது தாளை முன்னே தள்ளினார். நகலில் முத்திரை குத்தி வாங்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதன் கடைசிப் பத்தி இது:

'பிப்ரவரி எட்டாம் நாளிட்ட தங்கள் கடிதம் தவறானது என்பதையும், செவ்வாய் மாலை ஆறு முதல் எட்டு வரை கூடம் எங்கள் வகுப்புக்கே உரியது என்பதையும் உறுதிசெய்து, ஏழு நாள்களுக்குள், தேதியும் கையொப்பமும் முத்திரையும் இட்டு, எழுத்துமூலம் பதில் தருமாறு கோருகிறேன்.'