பிளான் பாஸாகும் முன்பே மாடியேறியவர்

புதுச்சேரிப் பக்கம் பாகூரில் எங்கள் ஜவுளிக்கடைக்கு மேல் மாடி எடுக்க இன்றைக்கு கொம்யூன் பஞ்சாயத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

கிடைத்த கதையைக் கேளுங்கள்.

அனுமதி வரும்வரை ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்பது சட்டம். என் வீட்டுக்காரர் செங்கல் வைக்கவில்லை. ஊர்க் கண் பட்டு அனுமதி நின்றுவிடுமோ என்று பயந்து, மொட்டைமாடியில் திருஷ்டி பொம்மையை மட்டும் நிறுத்திவிட்டார். வைக்கோல் உடம்பு, பானைத் தலை, அவருடைய பழைய சட்டை.

இடம் பார்க்க வந்த பஞ்சாயத்து ஓவர்சியர் சைக்கிளை விட்டு இறங்கும்போதே மேலே பார்த்துக் கத்தினார்.

"யோவ், பிளான் பாஸாவறதுக்குள்ள மேல இன்னாய்யா வேல? எறங்குய்யா!"

ஆள் அசையவில்லை.

"இன்னா திமிரு பாரு! வேலைய ஆரம்பிச்சிட்டாங்கன்னு எழுதி மனுவையே தள்ளிடுவேன்!"

என் வீட்டுக்காரர் கடைக்குள் நழுவினார். நான்தான், "சார், அது பொம்மைங்க" என்றேன்.

நம்பாமல் மேலே ஏறிப்போனார். மீசை வரைந்த பானையை நேருக்கு நேர் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 'வேலை தொடங்கவில்லை' என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். சாயங்காலமே பிளானில் முத்திரை விழுந்தது.

கடையிலிருந்து கிளம்பும்போது ஓவர்சியர் மெதுவாகச் சொல்லியிருந்தார்: "எங்க ஆபீஸ் மேலயும் இப்படி ஒண்ணு நிக்க வைங்கம்மா. உள்ள வேல நடக்குதுன்னு ஜனங்க நம்புவாங்க."

சட்டை நான் தருகிறேன். யார் ஏறி வைக்கிறீர்கள்?